வடக்கே போகத் தைத்த கோட்டு

விறைத்துப் போயிருந்த லாசரின் வலது கையைக் கம்பளிக் கோட்டுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் அவருடைய தம்பி கஸ்பார். கை மடங்கவில்லை. உடம்புக்கு அடியில் வைத்திருந்த ஐஸ் கட்டிகள் உருகி, சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடியது. சித்திரை மாதம். சேலத்துக்காரர்கள் பனியனைக்கூடக் கழற்றி எறிகிற வெயில்.

"என்ன பண்றீங்க சித்தப்பா?" என்று உள்ளேயிருந்து வந்தாள் லாசரின் ஒரே மகள் இன்பமேரி.

"போட்டோக்காரன் வந்துட்டான் சாமி. வெறும் சட்டையோட எடுத்தா நல்லாவா இருக்கும்? கோட்டுப் போட்டா எடுப்பா இருக்கும். அண்ணன் ஆசைப்பட்டுத் தெச்சதுதானே."

ஆசைப்பட்டுத் தைத்தது என்று சொல்ல இவருக்கு எப்படி வாய் வந்தது? இன்பமேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நார்வே நாட்டில் ராத்திரி வானம் பச்சைப் பட்டுச் சேலையை உதறினது போல ஆடும் என்று, ஊருக்கு வந்துபோன வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் என்றோ சொல்லிவிட்டுப் போனார். சேலம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த லாசர் அதைப் பிடித்துக்கொண்டார். ரிட்டயரானதும் மகளை அழைத்துக்கொண்டு பம்பாய் வரை ரயில், அப்புறம் கப்பல் என்று முடிவாகிவிட்டது. குளிர் பழக வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவும் மகளும் ஐஸ் கம்பெனிக்குப் போய், கட்டிகள் அடுக்கிய அறையில் நிற்பார்கள். பயணத்துக்கென்று தைத்தது ஒரே கோட்டுதான், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அவளுக்குப் பல் கிட்டித்தால், "மூக்கால மூச்சு வுடு சாமி, பழகிரும்" என்பார் அப்பா.

"எங்கண்ணன் கரடி வேசம் கட்டியிருக்காரு, வந்து பாருங்க" என்று கிறிஸ்துமஸ் அன்று கோட்டோடு நின்ற அப்பாவைக் காட்டித் தெருவையே கூட்டிச் சிரிக்க வைத்தவர் இதே கஸ்பார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்காமல் கப்பல் பார்க்கிறார் என்று பங்குச் சாமியாரிடம் கோள் சொன்னவரும் இவர்தான். நெஞ்சுவலியில் அப்பா போய்ச் சேர்ந்த இன்று காலையில்கூட, வண்டியில் ஐஸ் வந்து இறங்கியதும், "அண்ணன் வடதுருவத்துக்குப் போய்ட்டாருப்பா" என்று வாசலில் யாரிடமோ சொன்னார். நாலு பேர் சிரித்தது அவள் காதில் விழுந்தது.

"கோட்டைக் கழட்டுங்க."

"பாதி போட்டாச்சு சாமி. பெட்டியோட போகட்டும், அவரு ஆசையும் தீரும்."

"மண்ணுக்குள்ள போறதுக்கா அதைத் தெச்சாரு? சிரிச்சுச் சிரிச்சே அவரைக் கொன்னீங்க. இப்ப உங்க போட்டோவுக்கு அது வேணுமா? கைய எடுங்க சித்தப்பா!"

கஸ்பார் கையை எடுத்தார். அவளே குனிந்து, அப்பாவின் கை நோகாமல் கோட்டை மெல்ல உருவினாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

அப்பாவைக் கிடத்திய சவப்பெட்டியைப் போட்டோவுக்காக வாசலில் சாய்த்து நிறுத்தி, சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். இன்பமேரி அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து தலைமாட்டில் நின்றாள்.

"மாதாவே, பொணத்து மேல கெடந்ததைப் போய்..." என்று கஸ்பாரின் மனைவி மரியபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேமராவை மூடிய கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார் போட்டோக்காரர். "வெயில் கொளுத்துதுங்க அம்மிணி. கோட்டைக் கழட்டிட்டு நிக்கறீங்களா?"

இன்பமேரி கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.