வாயில் போட்ட சீனி

குளத்தூர்க்காரர்களின் வேன் தெருமுனையில் திரும்பும்போது, வள்ளிமயில் அடுப்படியில் நின்றபடி மாஸ்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். மகள் இந்துஜாவுக்குப் பூ வைக்க வருகிறார்கள். கேசரி கிண்டிக் கொடுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து நான் போயிருந்தேன்.

"யம்மா, அவிய போறவரைக்கும் கழட்டிராத என்ன. சளின்னு சொல்லிக்கிடலாம்," என்றாள் இந்துஜா.

கோபமாகச் சொல்லவில்லை, கண்ணுகளா. பயந்துபோய்ச் சொன்னாள். போன மாதம் எட்டயபுரத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வள்ளிக்கு இடது கண் சுருங்கி, கன்னம் துள்ளி, உதடு ஒருபக்கமாக மேலே ஏறியது. மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள் என்று பேசிக்கொண்டு போனார்கள். அப்புறம் பதிலே இல்லை.

கொரோனாவில் தீப்பெட்டி ஆபீசில் கட்டாயமாகப் போட்ட மாஸ்க். கொரோனா போன பிறகும் மருந்துத் தூசிக்காக அவள் விடவில்லை. குச்சி அடைக்கிற எட்டு மணி நேரமும் காதை இறுக்கிப் பிடித்திருக்கும். முதலில் இமை மட்டும்தான் துடித்தது. "இடது கண்ணுல்லா, பொம்பளைக்கு நல்லதுட்டி" என்று சொன்னவள் நான்தான். பிறகு அது கன்னத்துக்கு இறங்கியது. திருநெல்வேலி டாக்டரிடம் கூடப் போனதும் நான்தான். "நரம்புக் கோளாறும்மா. மாஸ்க் உரசுறதும் இழுக்குறதும் அதைக் கிளப்பி விடுது. முதல்ல அதை விடுங்க, குறையுதான்னு பாப்போம்," என்றார்.

பஸ்ஸில் வரும்போது வள்ளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யக்கா, பிள்ளைகிட்ட இதச் சொல்லிராதிய. அவ கல்யாணம் முடியட்டும். மாஸ்க் இல்லாம நாலு பேரு முன்ன நான் எப்படி நிக்க?"

நான் சொல்லவில்லை.

பூ வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா சங்கரம்மாள் சீனித் தட்டோடு எழுந்தாள். சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் சீனி போட்டால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு.

"சளியா இருந்தா எனக்கும் தாங்க மதினி, இனி எல்லாம் பங்குதான். வாயத் திறங்க," என்று சிரித்தாள்.

இந்துஜா தலையை நிமிர்த்தாமல் அம்மாவைப் பார்த்தாள். வள்ளி குனிந்து, மாஸ்கின் அடியை ஒரு விரலால் தூக்கினாள். சீனி உதட்டைத் தொட்டதும் கன்னம் துள்ளியது. பாதி வாய்க்குள், பாதி மாஸ்குக்குள். படக்கென்று இறக்கிவிட்டுக்கொண்டாள். துணிக்குள்ளே முகம் கிடந்து அடித்துக்கொண்டது, சாக்குக்குள் போட்ட கோழி மாதிரி. வெளியே தெரிந்த இடது கண் சுருங்கி நீர் கோத்தது.

"மதினிக்குச் சந்தோசத்துல கண்ணு கலங்கிட்டு," என்றாள் சங்கரம்மாள்.

வேன் போனதும் இந்துஜா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "கல்யாணத்துக்கும் யோசிச்சு வச்சிட்டேம்மா. உன் பட்டுச்சேலை பிளவுஸ் துணியிலேயே ஒரு மாஸ்க் தைக்கச் சொல்லிருக்கேன். வித்தியாசமாத் தெரியாது."

வள்ளி என்னைப் பார்த்தாள். பிறகு மகளின் தலையில் இருந்த பூவைச் சரிசெய்தாள்.

"காதுகிட்ட கொஞ்சம் இறுக்கமாத் தைக்கச் சொல்லுட்டி," என்றாள்.

நான் பாத்திரம் கழுவி முடித்து வந்தபோது மாஸ்க் ஆணியில் தொங்கியது. அதை நோக்கி, சுவரில் வரிசையாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.