பேனரில் வந்த அம்புஜலோசனி

2006 தை மாதத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் அன்பரசு கடையில் அச்சான ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் பேனரிலும், வாழ்த்துக்குக் கீழே, நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய நாவல் ஒன்றின் வாக்கியம் யாரும் டைப் செய்யாமலே வந்தது. டிசைன் செய்கிற சிந்துஜா ஃபாண்ட் கோளாறு என்று நினைத்துக் கம்ப்யூட்டரை இரண்டு தடவை ஃபார்மட் செய்தாள். பயனில்லை. காதுகுத்துப் பேனரில் முதல் வாக்கியம், ரசிகர் மன்றத்துப் பேனரில் இரண்டாவது, கட்சிக்காரருக்கு மூன்றாவது என்று வரிசை பிசகாமல் வந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ள நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதி ஒன்று இருந்தது. கதாநாயகி அம்புஜலோசனி. நாவல் படித்தே அறியாதவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, ரங்கூன் போன அவள் புருஷன் திரும்பிவிட்டானா என்று கேட்டுப் போனார்கள்.

பேனரில் வந்தது ஆளையும் பிடித்தது. சோடா கடை திறந்த பொன்னுரங்கத்துக்கு ‘புளகாங்கிதமடைந்தான்’ என்று வந்தது. ஒரு மாதம் அவருக்கு மயிர்க்கூச்செறிவது அடங்கவில்லை. சட்டை உறுத்துகிறது என்று துண்டோடு வியாபாரம் பார்த்தார். ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் ‘யாவரும் விம்மி அழுதனர்’ என்று வர, பந்தியில் ஒருவரும் பாயசம் தொடவில்லை. ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். முகூர்த்தம் பார்ப்பதுபோல் வாக்கியமும் பார்த்தே ஆர்டர் கொடுத்தார்கள்.

2007 ஆவணியில் அந்த வாக்கியம் வந்து நின்றது. ‘அன்றிரவு விஷபேதி கண்டு, பொழுது புலருமுன் அம்புஜலோசனி தேகவியோகமானாள்.’ காலராவில் சாவதைத் தன் பேரில் வாங்க ஆளில்லை. அதை அடிக்காமல் மெஷினில் வேறெதற்கும் மை இறங்கவில்லை. கண்ணீர் அஞ்சலி ஏதாவது வந்தால் அதில் தள்ளிவிடலாம் என்று அன்பரசு ஊரில் ஒரு சாவுக்காகக் காத்திருந்தார். வண்டிப்பாளையத்தில் ஒரு பெரியவர் செத்தார். மகன் வந்து திரையைப் பார்த்தான். “எங்கப்பா ஆம்பள. ஆனாள்னு போட்டா ஊரு சிரிக்காதா?” என்று சொல்லிவிட்டுப் பண்ருட்டியில் போய் அடித்துக்கொண்டான்.

கடையை மூடிவிடலாம் என்று அன்பரசு சொன்ன அன்று சிந்துஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாதக் கடைசியில் சிதம்பரத்தில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செம்பியனுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கடை போனால் மருமகள் வீட்டோடு இருக்கட்டும் என்று அவன் அம்மா மங்கலம் முன்பே சொல்லியிருந்தாள். வீட்டோடு இருப்பதற்கு விஷபேதி தேவலாம் என்று சிந்துஜாவுக்குப் பட்டது. பயமும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டே தன் கல்யாணப் பேனரை டிசைன் செய்தாள்.

“செத்தவ சேதிய வாசல்ல கட்டிக்கிட்டா எம்மருமவ வரணும்? பண்ருட்டில அடிச்சா என்னாடி?”

“யாரு பேர்லயாவது வந்துதான் ஆவணும் அத்த. எங்க கட அது.”

“எழுத்த சின்னதா போட்டுடு,” என்றான் செம்பியன். “எங்க மாமனுங்க கண்ணாடி இல்லாம பொண்ணு போட்டோவ மட்டுந்தான் பாப்பானுங்க.”

சின்னதாகத்தான் போட்டாள். மெஷினிலிருந்து மணமக்கள் பெயரைவிடப் பெரிதாக வந்தது. மண்டப வாசலில் கட்டினார்கள். வந்தவர்கள் நின்று படித்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டார்கள். சிலர் மொய் எழுதும்போது மணப்பெண்ணை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அன்றிரவு சிந்துஜாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நிற்கவில்லை. கை கால் சில்லிட்டு, கண் உள்ளே போனது. செம்பியன் மெடிக்கல் ஷாப்காரரை எழுப்பி ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி வந்து கரைத்துக் கொடுத்தபடியே இருந்தான். மங்கலம் வெந்நீர் வைத்து, துணி அலசிப் போட்டாள். ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிக்கும்போது இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பொழுது புலர்ந்தது. சிந்துஜா இருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் கடைக்குப் போய் மெஷினை ஓட்டினாள். கவுன்சிலர் பிறந்தநாள் பேனரில், ‘பொழுது புலர்ந்தபின் அம்புஜலோசனி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறதென்று உரைத்தாள்’ என்று வந்தது. நூலகப் பிரதியில் அப்படி ஒரு வரி கிடையாது. அதில் அவள் செத்தவள்தான். அதற்குப் பிறகு அந்தப் பிரதியை யாரும் புரட்டவில்லை.

மங்கலம் மட்டும் சாயங்காலம் மருமகளைக் கேட்டாள். “பசிக்குதுன்னாளே, என்னா குடுத்தாங்களாம்?”

அடுத்த ஆர்டர் கிரகப்பிரவேசம். அதில் கஞ்சி என்று வந்தது.