அளவான கடை

அயனாவரத்தில் சின்னம்மன் கோயில் இரண்டாவது தெருவில் புதிதாகத் திறந்த மளிகைக் கடை பத்தடிக்குப் பன்னிரண்டடிதான் இருந்தது. தெருவில் குடியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் சாகும்வரை பயன்படுத்தப்போகும் சாமான்களை மட்டுமே அது வைத்திருந்ததால், அதற்கு மேல் இடம் தேவைப்படவில்லை. பிள்ளைகளும் பேரன்களும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடி வாங்கிப் போய்விட்ட தெரு அது. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, மூன்று நாள் தெருவை மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, இந்த அளவு போதும் என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். ரிப்பன் வெட்ட வந்த வட்டச் செயலாளர் வெயிலுக்கு ஒரு சோடா கேட்டார். அவர் இந்தத் தெருக்காரர் இல்லை என்பதால் அவருக்கென்று கடையில் எதுவும் கிடையாது. வெட்டிய ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டு வெறும் வாயோடு காரில் ஏறிப் போனார்.

ஏகாம்பரமும் அவர் மனைவி வேதவல்லியும் ஆளுக்கொரு பையோடு வந்திருந்தார்கள். ஏகாம்பரம் புறநகர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடி காட்டிக் காட்டியே வலது தோள் கொஞ்சம் ஏறினாற்போல் இருக்கும். வேதவல்லி ஓர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தவள். பிள்ளைகள் இல்லை. வேலைக்குப் போன காலத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடிந்ததே சாயங்கால டீ வேளையில்தான். அந்தப் பழக்கத்தில் வேதவல்லி இப்போதும் ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பாள். டிகாஷன் கறுத்து, நாக்கைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு.

கடைக்குள் இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒருவர் பெயர் ஒட்டியிருந்தது. ஏகாம்பரத்தின் தட்டு நிரம்பி, அதற்கு மேல் தட்டிலும் அவர் பெயரே இருந்தது. அரிசி மூட்டைகள், சவர பிளேடுகள், டஜன் டஜனாகச் சோப்பு. முன்வரிசையில் அவர் என்றுமே வாங்கியிராத அளவுக்குப் பெரிய கற்பூரப் பொட்டலம் ஒன்றும் இருந்தது.

வேதவல்லியின் தட்டு அதற்கு நேர் எதிரே இருந்தது. அதில் கால் கிலோ டீத்தூள் பொட்டலம் ஒன்று, அதற்கேற்ற சர்க்கரை, ஐந்து கிலோ அரிசி, கொஞ்சம் பருப்பு, இரண்டு குளியல் சோப்பு, ஒரு பற்பசை, மஞ்சள்தூள் இருந்தன. பற்பசை சின்ன அளவு.

கடையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெண்ணின் பெயர் பிரிசில்லா. பச்சை டீ-ஷர்ட் போட்டிருந்தாள். ஏகாம்பரம் அவளிடம் போய், எதிர்த்தட்டில் சரக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் வந்துவிட்டது என்றாள். தன் தட்டிலிருந்து கொஞ்சத்தை அங்கே மாற்றி வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம், ஆனால் அது அம்மாவுக்கு ஒட்டாது சார் என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அன்று சாயங்காலம் ஏகாம்பரம் தன்னுடைய டீத்தூளில் வேதவல்லிக்கு டீ போட்டுக் கொடுத்தார். அது அவள் டம்ளருக்குப் போனதும் வெந்நீராக வெளுத்துவிட்டது. அவருடைய சோப்பு அவள் கையில் கல்லாகக் கிடந்தது. அவருடைய சோறு அவள் தொண்டையில் இறங்கியது, ஆனால் வயிற்றில் இல்லை. மறுநாள் பஸ் ஏறிப் புரசைவாக்கம் போய் அவளுக்காக ஒரு கிலோ டீத்தூள் வாங்கினார். பொட்டலம் ஓட்டேரி பாலம் தாண்டும்போது கொஞ்சம் இளைத்தது. வீட்டுப் படியேறும்போது காகிதம் மட்டும் இருந்தது. தெருவில் மற்றவர்களுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. குப்பைத் தொட்டியில் வெற்றுக் காகிதமாகக் கிடந்தது.

வழி காட்டியவர் இஸ்திரி வண்டி பச்சையப்பன். அவருடைய தட்டில் ஒரே ஒரு கட்டு பீடிதான் இருந்தது. அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், குடிக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. பச்சையப்பன் பாட்டுக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத் தெரு புரிந்துகொண்டது. சாமான் தீராதவரை ஆளும் தீர மாட்டார்.

பிறகு தெருவில் யாரும் தாளிக்கும் வாசனை வரவில்லை. சோப்பு போடாத துணிகள் கொடியில் பழுப்பாகத் தொங்கின. சாம்பிராணி கிடையாது, வடகம் கிடையாது. தட்டு நிறைய இருந்தவர்களும்கூட எதற்கு வம்பு என்று குறைத்துக்கொண்டார்கள். பிரிசில்லா நாள் முழுவதும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம் வேதவல்லியின் டீத்தூளை வாங்கி வந்து, பீரோவில் தன் பழைய சீருடைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். அவளுடைய அரிசியில் நாளுக்கு ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துக் கஞ்சி வைப்பார், அப்புறம் அது அரைக் கைப்பிடியானது. சோப்பைக் காகிதம் பிரிக்க விடவில்லை. காலையில் கரித்தூளால் பல் தேய்க்கச் சொன்னார். நாலு வேளையும் அவளுக்கு வெந்நீர் கொடுத்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டீ குடிப்பதைப் போலவே ஊதி ஊதிக் குடித்தாள்.

நாலு மாதம் அப்படிப் போயிற்று. அவள் சாகவில்லை. ஏகாம்பரத்துக்கு அது போதுமாக இருந்தது. காலையில் கண் விழித்ததும் முதலில் அவள் மூச்சைக் கவனிப்பார், அப்புறம் பீரோ சாவியைத் தொட்டுப் பார்ப்பார். அவள் தலை சிக்குப் பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது. ஆஸ்பத்திரி இணைப்புகளை முப்பது வருடம் குரலால் கோத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை பேசினாலே அதிகம் என்று ஆனது. முன்னறையில் சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சுவரில் ஒன்றும் இல்லை. என்ன பார்க்கிறாய் என்று அவர் ஒருமுறை கேட்டார். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருக்கும் இடம் விட்டாள். அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பச்சையப்பன் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்துப் பிரித்தார். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். அந்தப் புகைதான் பல மாதத்தில் அந்தத் தெருவில் வந்த முதல் வாசனை. ஜன்னல்கள் திறந்தன. வேதவல்லி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பச்சையப்பன் அவசரப்படவில்லை. நடுவில் எழுந்து இரண்டு சட்டை தேய்த்தார், மறுபடி வந்து உட்கார்ந்தார். பதினோரு மணிக்குக் கடைசிப் பீடி முடிந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் இஸ்திரிப் பெட்டியில் சூடு இருந்தது. மிச்சத் துணியை எதிர்வீட்டுத் தணிகாசலம் தேய்த்து மடித்து வைத்தார்.

அன்று மத்தியானம் ஏகாம்பரம் வெந்நீர் டம்ளரை நீட்டியபோது வேதவல்லி வாங்கிக்கொள்ளவில்லை.

"என்னங்க, பீரோவத் தொறங்க" என்றாள்.

அவர் டம்ளரைப் பிடித்தபடியே நின்றார்.

"அது தீர்ந்துட்டா நீ இருக்க மாட்ட வேதா."

"தெரியும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

மாதக்கணக்கில் அதிகம் பேசாத தொண்டை என்பதால் இரண்டு முறை செருமிக்கொண்டாள்.

"நாலு மாசமா நீங்க டீத்தூளத்தான் காப்பாத்திட்டு இருக்கீங்க. என்னை இல்ல."

ஏகாம்பரம் வெந்நீரைத் தொட்டியில் கொட்டினார். பிறகு பீரோவைத் திறந்தார். பொட்டலத்தின் மேல் மடிப்பை அவிழ்த்ததும் வீடு முழுக்க வாசனை அடித்தது. எத்தனை கரண்டி என்று கேட்டார். எப்போதும் போடுகிற மாதிரிதான் என்றாள் அவள். அவர் எப்போதும் போடுவதற்கு ஒரு கரண்டி குறைத்துப் போட்டார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி கறுப்பாகப் போட்டுக் கொண்டுவந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் சோப்பைப் பிரித்து இரண்டு வேளையும் குளித்தாள். மஞ்சள் பூசினாள். பருப்பை வேகவைத்துக் கடைந்து, நெய்யில்லாமலே சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். தலைச் சிக்கை அவளால் எடுக்க முடியாதபோது அவர் எடுத்துவிட்டார். அதற்கே ஒரு பகல் பிடித்தது. அவள் பேச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் யார் யாருக்கு என்னென்ன செய்தி சொல்லி இணைப்புக் கொடுத்தாள் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதிக்கு மேல் சாவுச் செய்திகள்தான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை குறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கடைக்குப் போய் அவளுடைய தட்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. பிரிசில்லா அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டியபோது இரண்டு டம்ளருக்கான தூள் விழுந்தது. ஏகாம்பரம் தயங்கினார். இரண்டையும் போடுங்கள், ஒன்று உங்களுக்கு என்றாள் வேதவல்லி. அவர் தன் டம்ளரை எடுத்துக் குடித்தார். அவருடைய நாக்கில் அது டீயாக இல்லை, சூடு மட்டும் இருந்தது. எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

அவள் தன் டம்ளரைக் கடைசிவரை குடித்தாள். அடியில் தங்கிய தூளையும் விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தோள் வலிக்கிறதா என்று அவரிடம் கேட்டாள். இல்லை என்று அவர் சொன்னபோது அவள் அங்கே இல்லை.

தெரு முழுவதும் வந்தது. பிரிசில்லா கடையை மூடிவிட்டு, அவருடைய தட்டிலிருந்த பெரிய கற்பூரப் பொட்டலத்தைக் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தாள். ஓட்டேரி சுடுகாட்டில் அது சரியாகப் போதுமானதாக இருந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பியவர் அடுப்பு பற்றவைக்கவில்லை. அவள் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு காவல் காக்க ஒன்றும் இல்லாமல் தூங்கினார்.

மறுநாள் காலையில் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்து, அஸ்தியை ஒரு சின்னப் பானையில் வாங்கி வந்து வாசல் மாடத்தில் வைத்திருந்தார். காசிமேட்டுக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைப்பதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன ஆட்டோக்காரர் போன் செய்து, தெருவுக்குள் கடல் வந்திருப்பதால் வண்டி நுழையாது என்றார்.

ஏகாம்பரம் கதவைத் திறந்து பார்த்தார். அளவெடுத்தாற்போல் கடல் பால் பூத் வரைக்கும் வந்திருந்தது. அங்கிருந்து அந்தப் பக்கம் தெரு இல்லை, தண்ணீர்தான். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன அலைகள் வந்து மின்கம்பத்தில் மோதித் திரும்பின. தணிகாசலம் தன் ஸ்கூட்டரைப் படிமேல் ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தார். கைகாட்டி, இந்தப் பக்கம் ஆழம், அந்தப் பக்கமாக இறங்குங்கள் என்றார்.

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானையைத் தோளில் வைத்து, நாலு வீடு நடந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்தார்.