முள் இறங்கியது

ரேடியேட்டர்காரருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. மூன்று நாளாகத் தங்கையின் வீட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு. பழைய பஸ்ஸில் கட்டிலும் அடுப்பும் வைத்து, தங்கையும் மாப்பிள்ளையும் ஐந்து வயது மகளோடு அதிலேயே குடியிருந்தார்கள். ஏற்றம் வந்தால் எஞ்சின் கொதித்துவிடும், அதுதான் தொல்லை. எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை.

“காத்தும் உங்களை மாதிரிதான் மாப்ளே. வேலை இருக்கிற பக்கம் வராம ஓரமா ஒதுங்கிப் போயிடுது.”

“ஒதுங்க விடாம அடைச்சிடுங்க மச்சான்.”

அடைத்தார். ரேடியேட்டரைச் சுற்றி எறும்பு நுழைய வழியில்லாமல் தகரமும் ஸ்பாஞ்சும் வைத்து இறுக்கினார். பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு கரண்டு ஃபேன் மாட்டினார். ஓடவிட்டுப் பார்த்தபோது முன்பக்கக் கம்பி வழியாக வெந்த காற்று முகத்தில் அறைந்தது. மாப்பிள்ளை கம்பிக்கு முன்னால் துண்டைப் பிடித்தார், பறந்தது.

“ஃபேனா இது, புயல் மச்சான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நின்ற இடத்தில் சூடு காட்டும் முள்ளும் ஏறவில்லை. மத்தியானம் தங்கை குடும்பம் மலைப்பாதைக்குக் கிளம்பிப் போனது.

டீயை வாயில் வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. துண்டு பறந்திருக்கக் கூடாது. கம்பியோடு ஒட்டியிருக்க வேண்டும். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்காமல், எஞ்சின் சூட்டை வெளியே தள்ளியிருக்கிறது. வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஓடும்போது எதிர்க்காற்றும் ஃபேன் காற்றும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். காற்றுக்கு வேறு வழியும் இல்லை. அத்தனையையும் அடைத்தது அவர் கைதான்.

போன் போட்டார். தங்கை எடுத்தாள்.

“ஏத்தத்துலதான் இருக்கோம்ணா. முள்ளு உச்சிக்குப் போயிடுச்சு, பயந்துட்டோம். இப்ப தானா இறங்கிடுச்சு. உங்களுக்குச் சிலை வைக்கணும்ங்கிறாரு.”

டீ கிளாஸைக் கீழே வைத்தார். தண்ணீர் முழுக்கக் கொதித்து வெளியே போய்விட்டால் முள்ளுக்கு ஒன்றும் தெரியாது. தொட்டுப் பார்க்கத் தண்ணீர் இல்லாமல் செத்து விழும்.

“நிறுத்தச் சொல்லு. சக்கரத்துக்குக் கல்லு வச்சிட்டுப் பாப்பாவை இறக்கு.”

போனில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. “முள்ளு இறங்குறப்போ எவனாவது நிறுத்துவானா? உங்க அண்ணனுக்கு அவரு வேலை மேலயே நம்பிக்கை இல்லையா?”

“இல்லைன்னு சொல்லு. ஃபேனைத் தப்பா மாட்டிட்டேன்னு சொல்லும்மா.”

இத்தனை வருடத்தில் எவரிடமும் சொல்லாத வார்த்தை. அவள் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. அதற்குள் இரும்பில் இரும்பு மோதும் சத்தம், நாலைந்து தடவை. பிறகு அதுவும் இல்லை. குழந்தை என்னவோ கேட்டாள்.

“எஞ்சின் நின்னுடுச்சுண்ணா.” எஞ்சின் ஓடாவிட்டால் அந்த வண்டியில் கால் பிரேக்குக்கும் வலு இருக்காது.

“கைப்பிரேக்கை இழுக்கச் சொல்லு.”

“இழுத்துட்டாரு. ரெண்டு காலாலயும் மிதிக்கிறாரு.” அவள் குரல் சின்னதாகிவிட்டது. “வண்டி பின்னால போய்க்கிட்டே இருக்குண்ணா.”