ரெத்தினத்தின் வயலில் காணாமல் போன தட்டு

ரெத்தினத்தை உட்கார வைக்க அரசாங்கத்தாலேயே முடியவில்லை. சர்வீஸ் முழுக்க ஓடும் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளிய கண்டக்டர், ஓய்வு பெற்ற பிறகு வரப்பில் நடந்துகொண்டே இருந்தார். அவர் நடந்த நடையில் கூத்தாநல்லூர் வட்டாரமே ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது என்றால் நம்பத்தான் வேண்டும்.

இந்தத் தடவை நடைக்குக் காரணம் இருந்தது. வயலில் தண்ணீர் நிற்கவில்லை. சாயங்காலம் வாய்க்காலைத் திறந்து கடல் போல நிரப்புவார். விடிந்தால் வயல் பல்லைக் காட்டும். அவ்வளவும் பூமியைத் துளைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஊற்றாகக் கிளம்பியிருக்க வேண்டும். நாற்றங்காலில் சம்பா நாற்று முற்றிக்கொண்டே போனது. இந்த வாரம் நடாவிட்டால் மாட்டுக்குத்தான்.

பக்கத்து வயல் அப்துல் ஹமீதுக்கோ தண்ணீர் தளும்பியது. “பாய் வரப்புக்கு அடியில குழாய் போட்டு உறியுறாரு” என்று ரெத்தினம் டீக்கடையில் விட்ட பேச்சு, கடைத்தெருவைச் சுற்றி வருவதற்குள் குழாய் சுரங்கமாகி, சுரங்கத்துக்குள் மோட்டாரும் ஓடியது. ஹமீது முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

குழாயைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ரெத்தினம் மண் ஆய்வாளர் அஃப்ரீனை வரவழைத்தார். அவளோ இடுப்பளவு குழி வெட்டச் சொல்லி, உள்ளே இறங்கி, குழிச்சுவரைக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தாள்.

“குழாய் தெரியுதாம்மா?”

“நான் குழாய் தேட வரலய்யா. மண்ணு எப்படி அடுக்கியிருக்குன்னு பாக்குறேன். நிறம் எங்க மாறுது, கத்தி எங்க இறங்க மறுக்குது, அதெல்லாம் வச்சுத்தான் அடுக்கைப் பிரிக்கணும்.”

மண்ணை நனைத்து விரலிடுக்கில் பட்டையாக இழுத்துப் பார்த்தாள். நீண்டால் களி, உடனே அறுந்தால் மணல். ரெத்தினம் குழியை ஒன்பதாவது முறை சுற்றினார்.

“முறுக்கு பிழியிறியாம்மா? அங்க என் நாத்து நரைக்குது!”

“நில்லுங்கய்யா, கரை சரியுது!” அஃப்ரீன் நெற்றியைச் சுருக்கினாள். “இங்க அடுக்கே இல்ல. களிக்கட்டியும் ஆத்து மணலும் கலந்து கிடக்கு. இவ்வளவு ஆழத்துல உரச்சாக்கு நூல் வேற. பாய் வயல்லயும் ஒரு குழி பாக்கணும்.”

ரெத்தினத்தின் கால்கள் முதல்முறையாக நின்றன. எந்த வாயால் கேட்பது?

வரப்புக்கு அந்தப்புறம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஹமீது, “அந்த மேட்டு மூலையில நடல. வெட்டுங்கம்மா. என் மோட்டாருல மட்டும் மம்பட்டி படாம பாத்துக்கங்க” என்றார்.

அங்கே வெட்டிய குழியின் சுவர் கோடு போட்டாற்போல இருந்தது. மேலே கறுத்த சேற்று மண். அதன் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத் தட்டு. கத்தி ‘டொக்’ என்றது. அதற்கும் கீழே துருப்புள்ளி விழுந்த களி. அடியில் மணல்.

“காலங்காலமா சேறடிச்சு, உழுது, மிதிச்சு இறுகின தட்டு இது. இதுதான் தண்ணிய நிறுத்தும். இந்தத் தட்டு உங்க வயல்ல எங்கய்யா போச்சு?”

அவருக்குத் தெரியவில்லை, டீ கொண்டுவந்த மனைவி செவ்வந்திக்குத் தெரிந்திருந்தது. “கோடையில போன்ல என்னத்தையோ பாத்துட்டு, அடிமண்ணுலதான் சத்து இருக்குன்னு பொக்லைன் வச்சுப் பொரட்டிப் போட்டாரும்மா. மூணு நாளு. தோசைகூட இப்படித் திருப்ப மாட்டேன்.”

ரெத்தினம் வானத்தைப் பார்த்தார். அதில் குழாய் எதுவும் இல்லை.

“பழைய தட்டு வர வருஷக்கணக்காகும்” என்றாள் அஃப்ரீன். “இப்போதைக்குத் திரும்பத் திரும்பச் சேறடிச்சு அடைச்சா தண்ணி நிக்கும். அதுக்கு முன்னாடி பாய் குழியை மூடுங்க. எடுத்த வரிசைக்குத் தலைகீழா, மணல் முதல்ல, அடுக்கு அடுக்கா மிதிச்சு.”

ரெத்தினம் குழியில் குதித்தார். மணலைப் போட்டு மிதித்தார், களியைப் போட்டு மிதித்தார். தட்டு மண் வந்தபோது அவர் மிதித்த மிதியில் நாகூர்க் கடலே ஒரு அலை பின்வாங்கியிருக்கும்.

“பாய்...” மூச்சு வாங்கியது. “குழாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டீக்கடையில நானே சொல்லிடுறேன். சேறடிக்க உங்க டிராக்டரக் கொஞ்சம்...”

ஹமீது திரும்பி நடந்து போனார். ரெத்தினம் மிதிப்பதை நிறுத்தினார்.

கொட்டகைப் பக்கம் டிராக்டர் இருமிக் கிளம்பியது. அது ஹமீதின் வாசலுக்குத் திரும்பாமல் நேரே ரெத்தினத்தின் வயலில் இறங்கியது.

“நாத்தப் பறிக்க ஆளு சொல்லுங்கண்ணே” என்று கத்தினார் ஹமீது. “அதுவரைக்கும் சும்மா நிக்காம வண்டிக்குப் பின்னாடியே மிதிச்சுக்கிட்டு வாங்க!”