இரண்டு உலக்கைகள்

மலேசியாவில், புக்கிட் செலம்பாவ் ஊர் அம்மன் கோயிலின் பின்பக்கத்தில் உட்கார்ந்து மாவிளக்கில் நெய் ஊற்றினேன். விளக்கு இரண்டாகப் பிளந்தது. நெய் தட்டெல்லாம் ஓடியது.

மறுநாள் காலை என் கணவர் யோகேந்திரனுக்கு இருதய அறுவை சிகிச்சை. நானே இடித்த மாவில் விளக்குப் போடுவதாக வேண்டியிருந்தேன். வாங்கியதோ பக்கத்து ஊரான பாக்கார் ஆராங்கில் ஒரு கடையில், பாக்கெட் மாவு. நேரமில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தில் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்த இராசாத்தி எட்டிப் பார்த்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். உலக்கை மேலே போகும்போதே கை மாற்றினாள். ஓர் இடிகூடத் தவறவில்லை.

“பாக்கெட் மாவாக்கா?”

“ஏமாத்திட்டேன் இராசாத்தி. அம்மன் காட்டிட்டா.”

“அம்மனுக்கு வேற வேலை இல்ல! அது காஞ்ச மாவு லா. ஊற வச்ச அரிசிய இடிச்சாத்தான் ஒட்டும்.”

அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு வாரமாக என்னை அரித்த பயத்தை அவள் இப்படி ஒரு வரியில் தள்ளிவிட்டாள். ஊறவைத்துத் துண்டில் பரப்பியிருந்த தன் மீதி அரிசியை உரலில் கொட்டினாள்.

“எனக்கு வேண்டிய மாவு இடிச்சாச்சு. இது உங்களுக்கு.”

“நீயே இடிச்சுக் குடுத்துடேன்.”

“ஆசைதான்! வேண்டுதல் யாரோடது? அந்த உலக்கைய எடுங்க.”

ஒரே உரலில் இருவரும் மாற்றி மாற்றிப் போட்டோம். இரண்டு தடவை உலக்கைகள் மோதின. விளிம்பில் ஏறிய மாவை அவள் இடையிடையே ஒரு கையால் உரலுக்குள் தள்ளிவிட்டாள். அவள் விரலை நசுக்கிவிடுவேனோ என்று என் கை தயங்கியது.

“உரல பாக்காதீங்கக்கா. என் தோள பாருங்க. அது எறங்குனா நீங்க ஏத்துங்க.”

பார்த்தேன். நீர் ஏறி இறங்குவதுபோல் அசைந்தது அந்தத் தோள். பழக்கமில்லாத ஒருத்தியின் உலக்கைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, அவள் ஒருமுறைகூடப் பின்வாங்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு வராது. வராது என்று நினைக்கும்போதே என் உலக்கை சரியான நேரத்தில் விழத் தொடங்கியிருந்தது.

சலித்து, கப்பியை மறுபடி இடித்து, வெல்லம் சேர்த்துப் பிடித்தோம். விரல் பட்ட இடமெல்லாம் மாவு பணிந்தது. நெய் நின்றது. திரி எரிந்தது.

மருத்துவமனையிலிருந்து அவர் அழைத்தார். “விளக்குப் போட்டியா உமா? நீயே இடிச்சியா?”

“பாதிதாங்க. மீதி இராசாத்தி இடிச்சா.”

“அப்போ பாதி நெஞ்சுக்குத்தான் கேரண்டியா?”

சிரித்துவிட்டேன். பிறகு பாக்கெட் மாவைப் பற்றியும் சொன்னேன்.