புகழேந்தி போன புதன்கிழமை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்த ஹேமலதாவுக்குப் புதன்கிழமைகளில் லீவு கிடைப்பது கஷ்டம். துணை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுவதோ புதன்கிழமை. அதே கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்த அவள் கணவன் புகழேந்தி பகலில் வீட்டில்தான் இருந்தான். ஆனால் மகள் கனிமலருக்கு ஊசி என்றாலே பேச்சை மாற்றிவிடுவான். போன தடவை காய்ச்சல் வந்து, தொடை வீங்கி, தொட்டாலே அழுதாள். தட்டம்மை ஊசிக்கான மாதமும் தாண்டிப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செவிலியர் ஷர்மிளா வீட்டுக்கே வந்தார்.

"ஏண்ணா வரல?"

"ஜுரம் வருதே மேடம். நல்லா இருக்கற புள்ளைய நானே தூக்கினு போய்..." என்று இழுத்தான் புகழேந்தி.

ஷர்மிளா கடிந்துகொள்ளவில்லை. "ஜுரம் வரலாம்ணா, வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த ஊசிக்கு ஒரு வாரம் கழிச்சுகூட வரும், தானா போய்டும். தட்டம்மை வந்தா அப்படி லேசுல விடாது. நிமோனியா வரைக்கும் இழுத்துனு போய்டும்."

"நான் லீவு கேட்டுப் பாக்கறேன்" என்றாள் ஹேமலதா.

புகழேந்தி குழந்தையைப் பார்த்தான். "வேணாம். நானே போறேன்."

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தவன் தூங்கவில்லை. கனிமலரைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, தோளில் போட்டுக்கொண்டு போனான். ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அழுது ஓய்ந்த பிறகும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஹஃப்ஸா கேட்டாள்: "இன்னாண்ணா, ஊசி உங்களுக்கா போட்டாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். அப்பா சிரிப்பதைப் பார்த்துக் கனிமலரும் விக்கலோடு சிரித்தாள்.

அடுத்த வாரம் லேசாகக் காய்ச்சல் வந்தது. ஷர்மிளாவுக்கு போன் செய்து கேட்டு, அவர் சொன்ன மருந்தைக் கொடுத்தான். காய்ச்சல் இறங்கியதும் கனிமலர் அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் கம்பெனி கேன்டீனில், கூட வேலை செய்யும் ரஷீத் அஹமது மெதுவாகச் சொன்னான்: "என் பையனுக்கும் ஊசி பாக்கி இருக்கு. அவன் அழறத என்னால பாக்க முடியாது."

"நான் கூட வர்றேன் தோஸ்த்" என்றான் புகழேந்தி. "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. பையன நான் புடிச்சுக்கறேன்."